திரையை மாற்றும் முன் அதன் முன்னால் உட்காரப்போகிறவரைக் கேளுங்கள்
அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் இந்திய அணுமின் கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், அணுமின் கழகத்தின் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அலுவலகங்கள் மும்பையில் இருக்கின்றன. இருந்தும் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். கல்பாக்கம் நிலையத்தைச் சுற்றி வாழ்கிறவர்களும், அதன் கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களில் பலரும் தமிழர்கள். நான் உங்களிடம் கேட்பது என்னவென்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கல்பாக்கத்தின் முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் இன்னும் மூத்தவை. 1969-இல் ஓடத் தொடங்கியவை. அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டு அறையில் சுவர் நீளத்துக்குப் பேனல்கள் நிற்கும். முள் காட்டும் மீட்டர்கள், சுருள் தாளில் மைக்கோடு இழுக்கும் ரெக்கார்டர்கள், தலைக்கு மேலே வரிசையாக, எச்சரிக்கை வந்தால் ஒளிரும் அலாரம் சன்னல்கள், பின்னால் அலமாரி அலமாரியாக, மின்சுற்றுகளைத் திறந்து மூடும் ரிலேக்கள். இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் கிடைப்பது வர வர அரிதாகிவிட்டது. உலையின் குழாய்களை மாற்றி ஆயுளை நீட்டிக்கிற கையோடு கருவிகளையும் கணினிக்கு மாற்றியாக வேண்டிய காலம் இது. மாற்றத்தான் வேண்டும். பழைய ரிலேயைக் கட்டிக்கொண்டு அழுவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை.

நான் அனல்மின் நிலையம் ஒன்றில் கருவியியல், கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணு உலையில் பணியாற்றியதில்லை. ஆனால் பழைய பேனலைக் கழற்றிக் கணினித் திரை வைக்கிற வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் எது தவறும், எங்கே தவறும் என்பது எனக்குத் தெரியும். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் செய்யும் எந்தப் பெரிய மாற்றத்துக்கும், அங்கே ஷிஃப்டில் உட்காரப்போகிற ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்ததற்கான சான்று இல்லாமல் அனுமதி தராதீர்கள். அந்தச் சோதனையின் முடிவை நாங்களும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு அணுமின் துறையின் வரலாறே சாட்சி. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் தீவு நிலையம், விடிகாலை நான்கு மணி. இரண்டாம் அலகில் நீரூட்டு பம்புகள் நின்றன, டர்பைன் டிரிப் ஆகி நின்றது, உலையும் நின்றது. ஏறிய அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டிய அந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பேனலில் அந்த வால்வுக்கென்று இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. ஆப்பரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. வால்வுக்கு மின்சாரத்தில் போன கட்டளையை மட்டும்தான் காட்டியது. ‘மூடு’ என்று சொல்லியாயிற்று, அதனால் விளக்கு அணைந்தது. வால்வு அந்தச் சொல்லைக் கேட்டதா என்பதைச் சொல்ல அந்தப் பேனலில் ஏற்பாடு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு விளக்கிலிருந்து கிளைத்தது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாகக் கத்தின. எது முதலில் வந்தது, எது அதன் விளைவு, எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை. அலாரங்களை வரிசையாக அச்சிட்டுத் தர வேண்டிய பிரிண்டர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப் போனது. வால்விலிருந்து ஒழுகும் நீர் சேரும் தொட்டியின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் பேனலின் பின்புறத்தில் இருந்தது. எழுந்து சுற்றிப் போனால்தான் தெரியும். உலை நீரின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ‘பிரஷரைசர்’ கலத்தில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போனதால், உலையில் நீர் தேவைக்கு மேல் இருக்கிறது என்று நினைத்து, தானாக ஓடத் தொடங்கிய அவசர நீரோட்டத்தை அவர்களே குறைத்தார்கள். அவர்கள் பெற்ற பயிற்சியும் அப்படிச் செய்யத்தான் சொன்னது. ஏறக்குறைய இரண்டு மணி இருபது நிமிடம் கழித்து, அடுத்த ஷிஃப்டுக்கு வந்த ஒருவர் புதுக் கண்ணோடு பார்த்து, அந்தக் குழாயிலிருந்த தடுப்பு வால்வை மூடச் செய்தார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. உலையின் கருவில் ஏறத்தாழப் பாதி உருகிப் போனது.

விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் கெமனி. கணிதப் பேராசிரியர், பேசிக் என்னும் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவருடைய குழு அந்த ஆண்டு அக்டோபரிலேயே அறிக்கை தந்தது. ஆப்பரேட்டர்கள் செய்தது தவறு என்று சொல்லி அது அங்கேயே நின்றுவிடவில்லை. பயிற்சி, செயல்முறைகள், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பு, நிர்வாகம், கண்காணிக்க வேண்டிய ஆணையம் ஆகிய எல்லாவற்றின் மீதும் பொறுப்பை வைத்தது. அந்த இரவு பணியில் இருந்த ஒருவர், உருப்படியான தகவல் எதையும் தராத அந்த அலாரம் பேனலைத் தூக்கி எறிந்திருக்கலாம் போலிருந்தது என்று விசாரணையில் சொன்னார். சம்பளம் வாங்கும் நிலையத்தின் கருவியைப் பற்றி ஒரு ஆப்பரேட்டர் பகிரங்கமாக அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன் எத்தனை நாள் அவரை யாரும் கேட்காமல் இருந்திருக்க வேண்டும்!

அதே காலத்து அமெரிக்க நிலையங்கள் சிலவற்றின் கட்டுப்பாட்டு அறைகளை ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிய வந்தது. ஒரு நிலையத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்த இரண்டு நெம்புகோல்களில், தொட்ட உடனே வேறுபாடு தெரியட்டும் என்று ஆப்பரேட்டர்களே மதுக்கடையில் பீர் ஊற்றும் குழாயின் கைப்பிடிகளை வாங்கி மாட்டி வைத்திருந்தார்கள். இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வந்தது. வடிவமைப்பாளர் விட்ட குறையைத் தங்கள் கைக்கு எட்டியதைக் கொண்டு சரி செய்துகொண்டவர்கள் அவர்கள். எந்தப் பழைய பேனலிலும் இப்படி ஒட்டிய டேப், எழுதிய சீட்டு, வண்ணப் பொட்டு இருக்கும். நவீனப்படுத்தும் நாளில் அவற்றையெல்லாம் குப்பையாக எண்ணிக் கழற்றி எறிகிறோம். ஒவ்வொன்றும் ஏன் அங்கே ஒட்டப்பட்டது என்று முதலில் எழுதி வாங்கியிருந்தால், புதுத் திரையின் வடிவமைப்பில் பாதி வேலை முடிந்திருக்கும்.

எங்கள் அனல்மின் நிலையத்துக்குக் கணினிக் கட்டுப்பாடு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டு மின் நிலையங்களில் பழகிய வழக்கம், ஓடும் பம்புக்குச் சிவப்பு, நின்ற பம்புக்குப் பச்சை. மின்சாரம் இருக்கும் இடம் ஆபத்தான இடம் என்பதிலிருந்து வந்த வழக்கம் அது. திரை வரைந்து தந்தவர்கள் வேறு தொழிற்சாலைகளின் வழக்கப்படி ஓடுவதற்குப் பச்சை போட்டுவிட்டார்கள். பக்கத்தில் மிச்சமிருந்த பழைய பேனலில் சிவப்பு என்றால் ஓடுகிறது. திரையில் சிவப்பு என்றால் நின்றுவிட்டது. ஒரே அறையில், ஒரே ஆள், இரண்டு மொழி. அது மாற்றப்படும் வரை ஷிஃப்ட் ஆட்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் கை வைத்தார்கள். அனல்மின் நிலையத்தில் அந்த ஒரு நொடியைத் தாங்கிக்கொள்ளலாம்.

அதைவிட நான் வருந்தியது வேறொன்று. பழைய பேனலின் முன்னால் ஒருவர் ஒரு சுவிட்சைத் திருப்பினால், பின்னால் நிற்கும் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு அது தெரியும். எந்த இடத்துக்கு நடந்தார், எதைத் தொட்டார் என்று ஒருவரும் வாய் திறக்காமலே அறை முழுவதற்கும் தெரியும். ‘அண்ணே, அது ரெண்டாவது பம்ப்பு’ என்று கை போகும்போதே குரல் கொடுத்துத் தடுத்ததைப் பல முறை கேட்டிருக்கிறேன். திரை வந்த பிறகு நாலு பேரும் நாலு மானிட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். ஒருவர் மவுஸால் என்ன செய்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. ஒரு அளவைப் பார்க்க ஒரு பக்கம், அதோடு ஒப்பிட வேண்டிய இன்னொன்றைப் பார்க்க வேறு பக்கம். நடுவில் மெனுவில் தேடல். சாவித்துவாரம் வழியாகத் திருவிழா பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. பெரிய நிலைத்திரை ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் வைத்தால் இது பெரும்பாலும் தீரும் என்று ஆட்கள் கேட்டார்கள். திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. வேலை தொடங்கும் முன்பே கேட்டிருந்தால் இடம் இருந்திருக்கும்.

பாதி பழசு, பாதி புதுசு என்று இருக்கும் காலம்தான் எனக்குப் பெரிய கவலை. அணு உலையை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு பராமரிப்பு நிறுத்தத்தில் டர்பைன் பக்கம், அடுத்ததில் நீரூட்டு பக்கம், அதற்கடுத்து வேறொன்று என்று ஆண்டுக்கணக்கில் போகும். அந்த இடைப்பட்ட காலத்துக்கென்று தனியாகச் செயல்முறை வேண்டும், தனியாகப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கான மாதிரி அறையாகிய சிமுலேட்டரும் ஒவ்வொரு கட்டத்திலும் உண்மை அறையைப் போலவே மாற்றப்பட வேண்டும். கடைசி வடிவத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு இடைக்கட்டங்களை ஆப்பரேட்டர்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது.

திரையே இல்லாமல் போனால்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை எழுதப்பட்டிருக்கிறது. 1993 மார்ச் 31, விடிகாலை மூன்றரை மணிக்கு உத்தரப் பிரதேசத்தின் நரோரா முதல் அலகில் டர்பைனின் சுழல் தகடுகள் உடைந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, கேபிள்கள் எரிந்தன. ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்க வேண்டிய கேபிள்கள் போதிய தீத்தடுப்பு இல்லாமல் ஒரே வழியில் போனதால் எல்லாம் சேர்ந்து செத்தன. 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. புகை சூழ்ந்து கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மாற்று அறையிலும் காட்டிகளுக்கு மின்சாரம் இல்லை. ஆனாலும் அந்த ஷிஃப்ட் ஆட்கள் உலையை உடனே நிறுத்தியிருந்தார்கள். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளை இயக்கி நீராவி ஆக்கிகளுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, அணுவினையை அடக்கும் போரான் கரைசல் உலைக்குள் இறங்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். அணு நிகழ்வுகளை ஏழு நிலைகளாக வகுக்கும் சர்வதேச அளவுகோலில் 3-ஆம் நிலை நிகழ்வு என்று அது பதிவாகியிருக்கிறது. அது 3-இல் நின்றதற்குக் காரணம் நிலையத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்த மனிதர்கள். அவர்களுடைய பெயர்கள் ஒவ்வொரு பள்ளிப் புத்தகத்திலும் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் பேட்டரி மின்சாரமும் போய் மீட்டர்கள் இருண்டபோது, ஊழியர்கள் வாகனங்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்து உலையின் நீர்மட்டத்தைப் படிக்க முயன்றார்கள். 2006 ஜூலையில் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க்கில், வெளி மின்கட்டமைப்பில் வந்த கோளாறால் நான்கு டீசல் ஜெனரேட்டர்களில் இரண்டு தாமாக இணையவில்லை. கட்டுப்பாட்டு அறையின் காட்டிகளில் ஒரு பகுதியும் செயலிழந்தது. இருபது நிமிடங்களுக்கும் மேல் ஆனது, ஆப்பரேட்டர்கள் கையால் இணைத்து நிலைமையை மீட்க. மூன்று நாடுகள், மூன்று நிலையங்கள். திரை இருண்ட பிறகும் எந்தெந்த அளவுகள் கட்டாயம் தெரிய வேண்டும், அவை எங்கே, எந்த மின்சாரத்தில், கணினியைச் சாராமல் தெரியும் என்பதை வடிவமைப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கம்பியால் நேரடியாக இணைந்த சில மீட்டர்களும் ‘உலையை நிறுத்து’ பொத்தானும் எந்த மென்பொருளையும் நம்பாமல் வேலை செய்ய வேண்டும்.

வலைப்பின்னலைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அதற்கென்று வல்லுநர்கள் இருக்கிறார்கள். 2008-இல் அமெரிக்காவின் ஹாட்ச் நிலையத்தில் அலுவலகப் பக்கத்துக் கணினி ஒன்றில் செய்த மென்பொருள் புதுப்பிப்பு, கட்டுப்பாட்டுப் பக்கத் தரவை அழித்ததால் உலையே நின்றுபோனது. 2019-இல் கூடங்குளத்தின் நிர்வாக வலைப்பின்னலில் தீங்குநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியே பிரிக்கப்பட்டவை, பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்தப் பிரிவினை ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறதா என்று நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

வாரியம் கறாராக நின்றால் வடிவமைப்பு மாறும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2009 நவம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், பின்லாந்து மூன்று நாடுகளின் அணுப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவில் வடிவமைத்த இ.பி.ஆர். என்னும் புதுவகை உலையில், அன்றாட இயக்கத்துக்கான கட்டுப்பாட்டு அமைப்பும் பாதுகாப்பு அமைப்பும் ஒன்றோடொன்று தேவைக்கு மேல் பின்னிக் கிடக்கின்றன, பிரித்து வாருங்கள் என்று சொன்னது அந்த அறிக்கை. பிரிட்டனுக்கான வடிவமைப்பில் கணினியே இல்லாத ஒரு மாற்றுப் பாதுகாப்பு அமைப்பு சேர்க்கப்பட்டது. நிறுவனம் பெரியது, திட்டம் ஏற்கெனவே தாமதம் என்ற காரணங்களுக்காக அவர்கள் பின்வாங்கவில்லை.

நான் கேட்கும் சோதனையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் நியூரெக்-0711 என்னும் ஆவணம் மனிதக் காரணிகளை எப்படி மதிப்பிடுவது என்று படிப்படியாகச் சொல்கிறது. பழைய நிகழ்வுகளிலிருந்து கற்பதில் தொடங்கி, எந்த வேலை மனிதருக்கு, எது இயந்திரத்துக்கு என்று பிரித்து, கடைசியில் உண்மையான ஷிஃப்ட் குழுக்களைச் சிமுலேட்டரில் உட்கார வைத்து முழு அறையையும் சோதிப்பது வரை அதில் இருக்கிறது. நார்வேயின் ஹால்டனில் 1980-களிலிருந்து இதற்கென்றே ஒரு ஆய்வகம் இயங்குகிறது. அங்கிருந்த உலையை 2018-இல் மூட முடிவெடுத்த பிறகும் ஆய்வகம் தொடர்கிறது. நம் கல்பாக்கத்திலேயே, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், வேக ஈனுலைக்கு முழு அளவிலான பயிற்சிச் சிமுலேட்டரை நம் பொறியாளர்களே உருவாக்கியிருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. கணினி சார்ந்த அமைப்புகளுக்கு உங்கள் வாரியத்தின் வழிகாட்டி நெறிகளும் இருக்கின்றன.

எனவே இப்படிச் செய்யுங்கள். பழைய நிலையம் எதிலும் கட்டுப்பாட்டு அறையை மாற்றும் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, அந்த நிலையத்தின் ஆப்பரேட்டர்கள் எந்தக் கட்டத்தில் அழைக்கப்பட்டார்கள், என்ன சொன்னார்கள், அதில் எது ஏற்கப்பட்டது, ஏற்கப்படாததற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஓய்வு பெற்றுவிட்ட பழைய ஆட்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களில் பலர் இன்னும் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள். திறந்தபடி சிக்கிய வால்வு, பொய் சொல்லும் சென்சார், நூறு அலாரம் ஒன்றாக அடிப்பது, பாதித் திரை இருள்வது என்று வைத்து, மேற்பார்வைப் பொறியாளர்களை அல்ல, சாதாரண ஷிஃப்ட் குழுக்களையே சிமுலேட்டரில் உட்கார வையுங்கள். இரவு ஷிஃப்ட் நேரத்திலும் ஒரு சுற்று நடக்கட்டும். உலையின் உண்மை நிலையை அவர்கள் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்தார்கள் என்று அளந்து எழுதுங்கள். தவறினால் குழுவைத் திட்டாதீர்கள். திரையைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகு மறுபடி சோதியுங்கள். வால்வு ஒவ்வொன்றுக்கும் திரை காட்டுவது கட்டளையையா, நிலையையா என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

சோதனை முடிவில் பாதுகாப்பு ரகசியம் போக மீதியைச் சுருக்கித் தமிழில் வெளியிடுங்கள். சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் இருக்கிறவர்களுக்கு அவசரகால ஒத்திகை நடக்கும் நாளில் எந்தப் பக்கம் போவது என்று சொல்லித் தருகிறீர்கள். அறைக்குள் இருப்பவர்களுக்கு என்ன ஒத்திகை நடந்தது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் காலமுறைப் பாதுகாப்பு ஆய்வு இதற்கு ஏற்ற இடம். கல்பாக்கத்தின் அடுத்த ஆய்வு அறிக்கையில் கட்டுப்பாட்டு அறைக்கென்று தனி அத்தியாயம் சேர்ப்பதாக இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டுக் கருவியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர்